எதுவும் தெளிக்காத வரிசை

இல்லை அத்தை, சிவப்பு மூடி போட்ட அந்த மருந்துப் புட்டியை நான் இன்னும் திறக்கவில்லை. முறைப்படி தொடங்கியிருக்க வேண்டும். அன்புள்ள அத்தைக்கு வணக்கம். இங்கே நான் நலம், மாமா நலம், வெள்ளரிக்கொடி நலமில்லை. அங்கே நீங்களும் அக்காவும், பிறந்து பதினோரு நாளான குட்டியும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அக்காவின் பிரசவத்துக்கு நீங்கள் கிளம்பிய மூன்றாம் நாள் இலைகளில் வெள்ளைப் பொடி. முகப்பவுடரைக் கொட்டியதுபோல. சாம்பல் நோய் என்றது புத்தகம். "ரெண்டு மூடி மருந்து, ஒரு வாளி தண்ணி, கதை முடிஞ்சுது" என்றீர்கள் போனில். புட்டியின் முதுகில் கையுறை, முகமூடி என்று படம் போட்டிருக்கிறது. நாமோ வெள்ளரிக்காயைத் தோலோடு தின்கிறவர்கள்.

ஆகவே ஒரு பரிசோதனை. நான்கு வரிசை. முதலாவதற்கு ஒரு பங்கு பாலும் ஒன்பது பங்கு தண்ணீரும். அடுத்ததற்குச் சமையல் சோடா. மூன்றாவதற்குப் பூண்டுச் சாறு. நான்காவதற்கு ஒன்றுமில்லை. அப்போதுதான் மற்றவை வேலை செய்தனவா என்று தெரியும். எதற்கு எது என்று சீட்டுக் குலுக்கினேன். விதைக்காக நீங்கள் நூல் கட்டிவிட்டுப் போன காய் நான்காம் வரிசையில் இருப்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

"பன்னெண்டு வருஷமா அவ காப்பாத்துற விதை. அதுக்குப் போய் ஒண்ணுமில்லையா?" என்றார் மாமா.

"சீட்டை மாத்தினா அது பரிசோதனையே இல்ல மாமா."

"அவ வந்து கேட்டா நான் சீட்டையா காட்டுறது?"

பிறகு நடந்ததைச் சொல்கிறேன். சோடாவை ஸ்பூனால் அளக்காமல் கரண்டியால் அளந்ததில் இரண்டாம் வரிசை ஓரமெல்லாம் கருகி, பூண்டை வடிகட்டாமல் ஊற்றியதில் தெளிப்பானின் மூக்கு அடைத்து, ஊசியால் குத்தப்போய் அது என் முகத்திலேயே பீய்ச்சி, மாமா இரண்டு நாள் தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் போய்ச் சாப்பிட்டார்.

பால் வரிசைதான் புதிர். மாலையில் கலந்து ஃபிரிட்ஜில் வைக்கிறேன், காலை வெயில் வந்ததும் தெளிக்கிறேன். நாளுக்கு நாள் இலை இன்னும் வெளுக்கிறது. பால் பூஞ்சைக்குத் தீனியாகிறதோ, என்று நோட்டில் எழுதினேன்.

நான்காம் வரிசை பச்சைப்பசேல்.

ஒன்பதாம் நாள் சீக்கிரம் எழுந்து எட்டிப்பார்த்தேன். மாமாவுடையது முப்பது வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி துடைத்த கை. மாமா முட்டி போட்டு உட்கார்ந்து, கடையின் மஞ்சள் துணியால் நான்காம் வரிசை இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மாமா, அது ஒண்ணும் தெளிக்காத வரிசை."

"நான் எங்க தெளிச்சேன்? தொடைக்கத்தானே செய்றேன்."

பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் படித்திருக்கிறேன். நோட்டில் 'ஒன்றுமில்லை' என்பதை அடித்துவிட்டு 'ஈரத்துணி' என்று எழுதினேன்.

என் முடிவு இது. பால் உதவாது. சோடா சுடும். பூண்டு மனிதரைத்தான் விரட்டும். ஈரத்துணியும் பொறுமையும் போதும். நூல் கட்டிய காய் மஞ்சளாகப் பழுத்துவருகிறது, விதைக்கு ஆபத்தில்லை. அக்காவுக்கு என் அன்பு. குட்டியின் உள்ளங்காலுக்கு ஒரு முத்தம்.

இப்படிக்கு,
இன்னும் பூண்டு மணக்கும் உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு, துணியை எந்தத் தண்ணீரில் நனைக்கிறார் என்று மாமாவிடம் கேட்டேன்.

"தண்ணியா? உன் ஃபிரிட்ஜ் பாலுலதான். விதைக்காய் பாவம் இல்லையா?"

"அப்ப நான் முதல் வரிசைக்குத் தெளிச்சது?"

"குழாய்த் தண்ணி. வெள்ளையா இல்லாட்டி நீ கண்டுபிடிச்சிடுவியேன்னு ஒரு ஸ்பூன் கோதுமை மாவு கலந்து வெச்சேன்."

உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். அதற்கு முன் தோட்டத்துக்குப் போய், முதல் வரிசையில் வெளுத்த ஓர் இலையை நக்கிப் பார்த்தேன்.