உள்ளங்கையில் சுருண்ட முத்திரை

மரக்காணத்தில் இப்போது யாரும் ஜாதகத்தோடு அலைவதில்லை. லோகோவோடு அலைகிறார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், மனை விற்பனை படுத்துவிட்டதால் காலியான ஓர் அலுவலகத்தில், லோகோ சித்தர் கண்ணாயிரம் எழுந்தருளியிருந்தார். பொழுது விடிந்ததும் வாசலில் வரிசை நிற்கும். இறால் குஞ்சுப் பண்ணைக்காரர், பிரியாணிக் கடைக்காரர், யூடியூபில் மீன் குழம்பு வைத்துக் காட்டும் தம்பதியர் என்று சகலரும் தத்தம் கடைச் சின்னத்தைக் கைப்பேசியில் ஏந்தி நிற்பார்கள். கிரகம் மனிதருக்கு மட்டுமே உண்டு என்று நம் முன்னோர் அறியாமையால் நினைத்துவிட்டார்கள். பெயர்ப் பலகைக்கும் அது உண்டு என்று கண்டறிந்த பெருமை கண்ணாயிரத்தையே சாரும்.

ஞானம் பெறுமுன் அவர் திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஞானம் எப்போது வந்தது என்று அவர் சொன்னதில்லை. கடை வாடகை ஏறிய மாதத்தில் வந்திருக்கலாம்.

அவருடைய சோதனை எளிமையானது. வந்தவர் உப்பளத்திலிருந்து அள்ளி வந்த கல்லுப்பைக் கைக்குள் இறுக மூடிக்கொள்ள வேண்டும். சித்தர் கண்மூடி நெடுநேரம் மந்திரம் முணுமுணுப்பார். பிறகு உப்பைத் தட்டில் கொட்டச் சொல்லி, லோகோ அச்சிட்ட மெல்லிய தாளொன்றை உள்ளங்கையில் வைப்பார். நல்ல முத்திரை அசையாமல் படுத்திருக்கும், கெட்டது சுருளும். ஆச்சரியம் என்னவென்றால், முதல்முறை வந்த எல்லோருடைய முத்திரையும் சுருண்டது. அதைவிட ஆச்சரியம், மஞ்சள் உறையில் காணிக்கை வைத்தபின் சித்தர் திருத்திக் கொடுத்த முத்திரை எதுவுமே சுருளவில்லை.

நடுவில் யாராவது கையைத் துடைத்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். யாரும் துடைக்கவில்லை. உப்பு இலட்சுமி, அதைப் பிடித்த கையைத் துண்டால் துடைத்தால் அவள் கோபித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள் என்பது எங்கள் அளக்காரர்களின் நம்பிக்கை. பக்கத்து வீட்டுக்காரன் நன்றாயிருப்பதை யாரால்தான் தாங்க முடியும்?

கழுவெளி ஏரியில் ஒரு கொக்கு மீன்களுக்கு நீச்சல் சான்றிதழ் வழங்கியதாம். வாங்கப் போன மீன்கள் ஒவ்வொன்றாகக் கரையோரப் புதருக்குப் பின்னால் சென்றன. ‘எங்களிடம் சான்றிதழ் பெற்ற எவரும் இன்றுவரை ஒரு குறைகூடச் சொன்னதில்லை’ என்று கொக்கு அதையே விளம்பரமாக எழுதி வைத்ததாம். மறுநாள் வரிசை இன்னும் நீண்டது.

இந்த வரிசையில்தான் பூங்குழலியின் பிழைப்பும் சிக்கிக்கொண்டது. அவள் புதுச்சேரியில் கிராஃபிக் டிசைன் இறுதியாண்டு படிப்பவள். பட்டம் கைக்கு வருமுன்பே தனக்கென ஒரு பெயரை உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்று இரண்டாண்டாக உழைத்தாள். தன் பெயருக்கு ஒரு முத்திரை, தன் வேலைகளுக்கு ஓர் இணையப் பக்கம், செய்ததில் நல்லதை மட்டும் வைத்துக்கொள்ளும் மனவலிமை என எல்லாம் சேர்த்திருந்தாள். பொம்மையார்பாளையத்தில் ஒரு வடிவமைப்பு நிறுவனம் அவளை நேர்காணலுக்கு அழைத்து, ஒரே ஒரு நிபந்தனை விதித்தது. வகுப்புப் பயிற்சிகள் வேண்டாம். கடையில் விற்கப் போகிற நிஜப் பொருள் ஒன்றுக்கு அவள் செய்த வேலையைக் கொண்டுவர வேண்டும்.

அப்படி ஒன்று அவளிடம் இருந்தது. உப்பள முதலாளி திருமுருகன் புதிதாகப் பொட்டலத்தில் உப்பு விற்கப் போகிறார். அவள் வரைந்து கொடுத்தது ஒரு வெள்ளைக் குவியல், அடியில் ஒரு நீலக் கோடு. பார்த்ததும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதை அப்படியே விடுவாரா? சித்தரிடம் கொண்டுபோனார். குவியல் அவர் கையில் இறாலைப் போலச் சுருண்டது. சித்தர் திருத்தினார். ஏழு வண்ணத் தாமரை, அதன்மேல் கருடன், கருடன் அலகில் உலக உருண்டை. இதில் உப்பு எங்கே என்று கேட்டதற்கு, உலகத்துக்குள் இருக்கிறது என்று பதில் வந்தது. மறுநாள் கருடன் அச்சுக்குப் போவதாக ஏற்பாடு.

பூங்குழலி கெஞ்சவில்லை. சுருண்ட அந்தத் தாளை மட்டும் கேட்டு வாங்கினாள். விரலால் தடவினாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முதலாண்டில் எத்தனையோ கட்டு வீணடித்த காகிதம் அது. திருத்திய கருடனையும் தடவிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

வீட்டில் அவள் தாய் சாமுண்டீஸ்வரி வேறு, மகளுடைய சொந்த முத்திரையையும் சித்தரிடம் காட்டிவிட வேண்டும் என்று நின்றாள்.

“நீ படிச்சதெல்லாம் சரிடி. நீ போட்ட உப்பு லோகோ கையில சுருண்டுகிச்சே, அதுக்கு இன்னா சொல்ற?”

“அதுக்குத்தாம்மா போலாங்கிறேன். திருமுருகன் மாமாவையும் வரச் சொல்லு.”

அன்று மாலையே மூவரும் போனார்கள். அலுவலகம் நிறைந்திருந்தது. பூங்குழலி உப்பைப் பிடித்தாள், மந்திரம் கேட்டாள், கையை நீட்டினாள். அவளுடைய முத்திரை ஒழுங்காகச் சுருண்டது. கண்ணாயிரம் வருத்தத்தோடு தலையசைத்தார்.

“இந்த முத்திர உன்ன ஏத்துக்கலம்மா. வேல கெடைக்காது. கெடைச்சாலும் நிக்காது.”

சாமுண்டீஸ்வரியின் கை இடுப்பிலிருந்த மஞ்சள் உறையைத் தேடியது. மகள் அந்தக் கையை மெல்லப் பிடித்து நிறுத்தினாள்.

“சாமி, ஒரு சந்தேகம். சுருண்டது லோகோவாலயா, காகிதத்தாலயா?”

“லோகோவாலதான். காகிதத்துக்கு இன்னா தெரியும்?”

“அப்ப லோகோ இல்லாத காகிதம் சுருளக் கூடாது இல்ல?”

அவர் பதில் தேடுமுன், அவர் பக்கத்திலிருந்த வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து அதே கையில் வைத்தாள். அது இன்னும் வேகமாகச் சுருண்டது.

சித்தருக்கு மூளை இல்லை என்று யாரும் குறைசொல்ல முடியாது. வெறுமை என்பது சூனியம், சூனியமே எல்லாவற்றிலும் கொடிய சகுனம் என்று உடனே விளக்கினார். கூட்டத்தில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். காகிதத்தைவிட வேகமாக வளைந்தவர்கள் அவர்கள்தாம்.

பூங்குழலி பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தாள். முதலாவதில், சித்தர் அருளிய கருடனைத் சித்தர் முதலில் வைக்கும் அதே வகை டிரேசிங் பேப்பரில் அச்சு அசலாக வரைந்திருந்தாள். திருமுருகன் தாமும் உப்பைப் பிடித்துவிட்டுக் கையை நீட்டினார். தாமரை கருடன்மேல் கவிழ்ந்தது, கருடன் உலகத்தின்மேல் கவிழ்ந்தது, மூன்றும் சேர்ந்து பீடியாய்ச் சுருண்டன. இரண்டாவது, பழிக்கப்பட்ட உப்புக் குவியல். அது பால் நிறப் பிளாஸ்டிக் தாளில் இருந்தது. சுகமாகப் படுத்துக்கொண்டது.

“மாமா, உப்பப் புடிச்ச கை ஈரமாயிடும். காகிதம் அந்த ஈரத்தக் குடிக்கும். குடிச்ச பக்கம் வீங்கும், குடிக்காத பக்கம் அப்படியே இருக்கும். அதனால வளையுது. பிளாஸ்டிக் குடிக்காது. நீங்க கொண்டாந்தத அவரு காகிதத்துல போடுறாரு, அவரு திருத்துனத பிளாஸ்டிக்ல போடுறாரு. அவ்ளோதான் சாமியோட சக்தி.”

இது கல்லூரிக் கண்கட்டு வித்தை என்றார் கண்ணாயிரம். வரிசையில் நின்ற பேக்கரி மரியதாஸுக்கு அப்போதுதான் மெல்லப் புத்தி விழித்தது. அவர் போன வாரமே மஞ்சள் உறை கொடுத்தவர்.

“அப்ப உங்க லோகோவையே உங்க கையில வெச்சுப் பாத்துடலாம் சாமி. உப்பப் புடிங்க.”

“எனக்கு உப்பு ஆகாது. பிரஷர்.”

“திங்கச் சொல்லல சாமி. புடிக்கத்தான் சொல்றோம்.”

பிடிக்க வைத்தார்கள். சித்தருடைய சின்னம் அகலத் திறந்த ஒரு ஞானக்கண். பூங்குழலி அதைக் காகிதத்தில் வரைந்து அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். அனைவரும் பார்த்திருக்க, ஞானக்கண் மெதுவாக மூடிக்கொண்டது.

திருமுருகன் மட்டும் இன்னும் தயங்கினார். கடைசியில் துணிந்து, வேட்டி முனையில் கையை நன்றாகத் துடைத்தார். காய்ந்த கையில், உப்புக் குவியல் அச்சிட்டு முன்பு சுருண்ட அதே காகிதத்தைப் பூங்குழலியிடம் வாங்கி விரித்து வைத்தார். அது அதற்குமேல் ஒரு மயிரிழையும் சுருளவில்லை. இலட்சுமி எந்த வீட்டுக்கும் கிளம்பிப் போன அறிகுறி இல்லை. அடுத்த நொடி அந்த அறையே கை துடைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சந்தடியில் கண்ணாயிரம் பின்வாசல் வழியே வெளியேறினார். அவசரத்தில் மந்திரம் எதுவும் சொல்லவில்லை.

கருடன் அச்சேறவில்லை. நேர்காணலில் பூங்குழலி உப்புப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். இத்தனை எளிமை எதற்கு என்று கேட்டார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத தன் தாய் கடையில் யாரையும் கேட்காமல் இதைக் கண்டு எடுக்க வேண்டும் என்றாள். வேலை கிடைத்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் சாமுண்டீஸ்வரி இப்போது தெருவெல்லாம் தன் மகள் போடும் லோகோ ரொம்ப ராசியானது என்று சொல்லித் திரிகிறாள். சென்ற ஞாயிறு ஒருவர் பூங்குழலியிடம் தம் ஜாதகத்தோடு வந்து நின்றார்.

“ராசி வேணும்னா வேற எடம் பாருங்க அண்ணா. சரக்கு விக்கணும்னா உள்ள வாங்க” என்றாள் அவள்.

ஈரம் பட்டால் காகிதம் வளைகிறது. அதற்கு யோசிக்கத் தெரியாது. நல்ல காலம் என்ற சொல் பட்டதுமே வளைந்துவிடுகிற பெருமக்களே, உங்களுக்கு என்ன சாக்கு?