பேராசிரியர் யோசப்பின் திருத்தங்கள்

செத்துப்போன மனிதர் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திருத்தம் போட்டிருந்தார்.

டாக்டர் துர்க்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு கணினித் திரையை இன்னொருமுறை பார்த்தாள். விண்ணப்பத்தின் ஓரத்தில் ஒரு மஞ்சள் கட்டம். மேலே அவளுக்குப் படிப்பித்த பேராசிரியர் யோசப்பின் பெயர். கீழே ஒரே வரி: 'இது ஆற்றை யோசனை? உன்ரையோ, என்ரையோ?'

யாருடைய யோசனை என்று செத்தவர் கேட்கிறார்! பிக்கரிங் மயானத்தில் அவருடைய சவப்பெட்டிமேல் பூப்போட்டுவிட்டு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

வேறு விஷயமென்றால் சிரித்துத் தொலைக்கலாம். இதுவோ குழந்தைகளின் மூச்சிழுப்பு நோய் ஆராய்ச்சிக்கு அவள் கேட்கும் நிதி. போன வருஷம், 'பேராசிரியரின் நிழலில் நிற்கிறார், சொந்தக் காலில் நிற்கக் காணோம்' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தமுறையும் அப்படி ஆனால் ஜூனோடு அவளுடைய வேலை போய்விடும். வோபர்ன் குடியிருப்புகளில் தொடங்கிய ஆராய்ச்சியும் படுத்துவிடும். வெள்ளி ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

கட்டத்தை அழித்தாள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அந்த இடத்தில் இரண்டு கட்டங்கள்.

'அழிச்சால் சரியே? பதில் எங்க?'

செவ்வாய்க்கிழமை விண்ணப்பத்தைப் பிரதி எடுத்து, வேறு பெயர் வைத்து, ஆபீஸின் பொதுக் கோப்புகளோடு புதிதாகப் போட்டாள்.

'பேரை மாத்தினால் எனக்குத் தெரியாதே?'

அடக்கடவுளே! புதன்கிழமை கணவன் நிசாந்தனுக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னாள்.

"லப்டொப்பில திருநீறு பூசும்," என்றான் அவன்.

"அவர் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர் எல்லோ? எங்கட திருநீறுக்குக் கட்டுப்படுவாரோ?"

நிசாந்தன் விடவில்லை. "அப்ப சாம்பிராணி காட்டும். அது கோயிலுக்கும் சேர்ச்சுக்கும் பொது."

ஆபீஸ் அறையிலேயே காட்டினாள். இரண்டு நிமிடத்தில் தீ எச்சரிக்கை மணி அலறியது. ஆறு மாடிச் சனமும் பெப்ரவரிக் குளிரில் தெருவில் நின்றது. பேராசிரியரிடம் இருபது வருஷம் செயலாளராக இருந்த கிளடிஸ் அன்ரி மூக்கை உறிஞ்சினார்.

"பிள்ளை, ஆர் ஆபீசுக்குள்ள சாம்பிராணி காட்டினது?"

"தெரியாது அன்ரி," என்றாள் துர்க்கா, சாம்பல் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி.

திரும்பிப்போனால் திரையில் புது வரி. 'புகையை விடு. மூண்டாம் பக்கத்தைப் பார்.'

பார்த்தாள். அங்கே உண்மையிலேயே ஒரு பிழை இருந்தது. திருத்தினாள். சொந்தக் காலில் நிற்கிறேன் என்று எழுதுகிற விண்ணப்பத்தை ஒரு பேய் சொல்லித் திருத்துகிறோமே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளி மாலை நாலு மணிக்கு மறுபடியும் அதே கேள்வி: 'ஆற்றை யோசனை?'

துர்க்காவுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. கட்டத்துக்குள்ளேயே அடித்தாள். "சேர், நீங்கள் முப்பது வருஷமா ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளையளை மட்டும்தான் எண்ணினீங்கள். நான் பிள்ளை படுக்கிற அறையின்ர ஈரச் சுவரைப் பாக்கிறன். நீங்கள் கடைசிவரைக்கும் அதைப் பாக்கேல்லை. இது என்ர யோசனை!"

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். திரையில் எழுத்துகள் தாமாகவே ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

'இதை முதல் பக்கத்தில போட்டு அனுப்பு. இனி என்னைக் கேக்காத.'

அப்படியே போட்டாள், அனுப்பினாள். அனுப்பியதும் அடுத்த அறைக்கு ஓடினாள். அங்கே கிளடிஸ் அன்ரி கணினியை மூடிக்கொண்டிருந்தார்.

"அன்ரி, சொன்னால் நம்பமாட்டீங்கள்! யோசப் சேர் செத்தும் என்ர விண்ணப்பத்தைத் திருத்தினவர்!"

கிளடிஸ் அன்ரி நிதானமாகக் கோட்டை மாட்டினார்.

"சேரின்ர பேரில இருபது வருஷமா நான்தான் திருத்தினனான் பிள்ளை, அவர் செத்தாப்பிறகு நிப்பாட்டச் சொல்லி எனக்கு ஆரும் சொல்லேல்லையே."