இன்ஸ்பெக்டர் மேல் ஓடிய இரண்டு ஆறுகள்

கரும்பலகையில் படம் போட்டுப் பாடம் நடத்துகிற ஆசிரியரால் யாருக்கும் ஆபத்தில்லை. பாடத்தைக் கண்முன்னே நடத்திக் காட்டுகிறேன் என்று கிளம்புகிறவர்களிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நான் அந்த ரகம்.

ஐம்பதுகளின் கடைசியில் சாயல்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சராகச் சேர்ந்திருந்தேன். தற்காலிக வேலை. இன்ஸ்பெக்டர் வந்து என் வகுப்பைப் பார்த்து நல்லபடியாக எழுதினால்தான் நிரந்தரம். இல்லாவிட்டால் பாம்பனுக்குத் திரும்பி அய்யாவோடு கருவாடு காய வைக்க வேண்டியதுதான். (அதிலும் எனக்கு நல்ல பெயர் கிடையாது.)

பனைமரத்தைவிட உயரமாக எதுவுமே இல்லாத பூமி அது. அங்கே இமயமலை உண்டான கதையை வெறும் வாயால் சொன்னால் யாருக்குப் புரியும்? தலைமையாசிரியர் வீட்டு ஜமுக்காளத்தை வாங்கி வந்து வகுப்பறைத் தரையில் விரித்தேன். அதன்மேல் கடல் மணல், செம்மண், கரிசல் என்று அடுக்கடுக்காகப் பரப்பினேன். ஒரு முனையில் நான், மறுமுனையில் டிரில் மாஸ்டர் முனியசாமி சார். இரண்டு பேரும் எதிரெதிரே நெருக்கித் தள்ளினால், பூமியின் பாறை அடுக்குகள் மடிந்து எழுந்த மாதிரி நடுவில் மலை எழும்பும். அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் ஓடைகள் பிறந்து, மண்ணை அரித்து, ஒன்றுகூடி ஆறாகும். குடத்தோடு நிற்கத் தலைமையாசிரியரே முன்வந்தார்.

“மலை எழும்புனதும் ஊத்துங்க சார்” என்று சொல்லி வைத்திருந்தேன். ஒத்திகையில் எல்லாம் அற்புதமாக நடந்தது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். பெரிய சரீரம். தூரத்துப் பொருள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாதாம். “நாற்காலியை இன்னும் பக்கத்துல போடுங்க” என்றார். போட்டார்கள். மண்ணுக்கடியில் இருந்த ஜமுக்காளத்தின் மேலேயே போட்டார்கள் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

“இப்ப இமயமலை எழும்பப் போகுதுங்கய்யா!” என்று அறிவித்துவிட்டுத் தள்ளினேன். ஜமுக்காளம் அசையவில்லை.

“டீச்சர், எங்கனயோ மாட்டிருக்கு. ஒரு இழுப்பு இழுத்துட்டுத் தள்ளுவோம்” என்று கிசுகிசுத்தார் முனியசாமி சார்.

நான் யோசிப்பதற்குள் இழுத்துவிட்டார். வடம் இழுக்கும் போட்டியில் ஊரையே இழுக்கிற மனிதர். நாற்காலி ஒரு பக்கம் போனது, இன்ஸ்பெக்டர் ஒரு பக்கம் போனார். மல்லாந்து விழுந்தவரின் வயிற்றின்மேல் ஜமுக்காளத்து மண் மொத்தமும் வந்து குவிந்தது.

தலைமையாசிரியர் பயந்த சுபாவம், ஆனால் சொன்ன சொல் தவறாதவர். எதிரே மேடாக ஒன்று எழும்பியதைப் பார்த்தார். ஊற்றிவிட்டார்.

என் மூக்கில் கருவாட்டு வாசனை அடித்தது. ஆனால் என் பிள்ளைகள் இருக்கிறார்களே, துள்ளிக் குதித்தார்கள்.

“டீச்சர்! ரெண்டு ஆறு ஓடுது! இங்கன ஒண்ணு, அங்கன ஒண்ணு!”

தூக்கிவிடப் போன முனியசாமி சாரை இன்ஸ்பெக்டர் கையமர்த்தினார். படுத்தபடியே தலையை மட்டும் தூக்கி வகுப்பைப் பார்த்தார்.

“இந்த ஆறு ஏன் அந்தப் பக்கம் போகல? யாராவது சொல்லுங்க.”

முதல் வரிசை ராக்கு எழுந்தாள். “நடுவுல நீங்க மேடா இருக்கீகளே அய்யா!”

“சரி. அரிச்சுட்டுப் போற மண்ணு எங்க போய்ச் சேருது?”

“ஒங்க சட்டைப் பையிலய்யா!”

உதட்டைத் துடைத்தவர் முகம் சுளித்தார். எங்கள் பள்ளிக் கிணற்றுத் தண்ணீர் அப்படி.

“ஏம்மா, இமயமலையில உப்புக் கரிக்குது?”

“அது முன்னாடி கடலடியாத்தானங்கய்யா இருந்துச்சு” என்றேன். எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

வயிறு குலுங்கச் சிரித்தார். நிலச்சரிவு ஏற்பட்டு மிச்ச மண்ணும் இறங்கியது.

அறிக்கையில், ‘மாணவர்களுக்குப் பாடம் நன்கு புரிந்திருக்கிறது. இனி நாற்காலியை வெறுந்தரையில் போடவும்’ என்று எழுதினார். வேலை நிரந்தரமாயிற்று.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விருந்து முடிந்து யார் மல்லாந்து படுத்தாலும், “ஆறு எந்தப் பக்கம் போகுது?” என்று கேட்பது வழக்கம். கதை தெரியாத புது மாப்பிள்ளை மறுவீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்படித்தான் படுத்திருந்தார். என் மகள் அடுப்படியிலிருந்து கத்தினாள்: “அம்மா, மலை எழும்பிருச்சு! குடத்தை எடுத்துட்டு வாங்க!”

மாப்பிள்ளை இன்றைக்கும் எங்கள் வீட்டில் குப்புறத்தான் படுக்கிறார்.