பம்புக்காரரின் இரண்டாவது சீட்டு

அன்றைக்கு வெள்ளகோவில் மானாவாரிக் காட்டில் இருந்தவர்கள்: பம்புக்காரர். அவர் சம்சாரம். சம்சாரத்தின் அண்ணன். அண்ணன் பெண்டாட்டி. வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு காளை. புளியமரத்தடியில் வெள்ளைத் துண்டோடு நான். அப்புறம் ஏரோப்ளேன். அதையும் ஓர் ஆளாகத்தான் பம்புக்காரர் எண்ணுவார்.

கொங்கு நாட்டில் வானத்துக்கே 'ங்க' போட்டுப் பேசிய மனுசர் அவர் ஒருத்தர்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

கோயமுத்தூர் கணபதியில் பம்ப்செட் பட்டறை. அதனால் பம்புக்காரர். ஐம்பத்தெட்டு வயது வரை கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றினார். ஐம்பத்தொன்பதில் தானே மேலே ஏறினார். பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டு, வெளியூரில் தங்கிப் பறக்கப் படித்து, லைசென்ஸ் வாங்கி வந்தார். ரெண்டு சீட்டு வைத்த சின்ன ஏரோப்ளேன் ஒன்று வாங்கினார். காரைவிட எடை குறைவு. நான் தனியாளாகவே தள்ளி ஷெட்டில் விட்டிருக்கிறேன்.

நான் ரோடு ரோலர் ஓட்டியவன். காரமடைக்குப் பக்கத்தில் அவர் தோட்டத்தில் ஓடுபாதை போட மூன்று நாள் வேலை என்று கூப்பிட்டார். போனேன். பதினோரு வருஷம் அங்கேயே இருந்துவிட்டேன்.

"ஏனுங்க ரோலரு, மண்ணு எப்படி இருக்குதுங்க?"

"இறுகிப்போச்சுங்க முதலாளி."

"டம்ளர்ல தண்ணி வெச்சா அலுங்கக் கூடாதுங்க."

சொன்னதோடு விடவில்லை. ஜீப்பின் தரையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓட்டினார். ஒரு சொட்டு சிந்தியது. அந்த ஒரு சொட்டுக்காக நான் இன்னும் ரெண்டு நாள் உருட்டினேன்.

பட்டறையில் இருந்த பெரிய தராசை ஷெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அவரோடு பறக்க வருகிறவர் யாராக இருந்தாலும் அதில் ஏறி நிற்க வேண்டும். செருப்போடு ஒரு தரம். செருப்பில்லாமல் ஒரு தரம். ஒரு நாள் பெரிய டாக்டர் ஒருத்தர் எடை போட்டபிறகு காப்பி குடித்துவிட்டார். பம்புக்காரர் கை கட்டி நின்றார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. மறுக்கா ஒருக்கா ஏறி நில்லுங்க."

"ஒரு டம்ளர் காப்பிதான சார்?"

"காப்பிதானுங்க. ஆனா அதுவும் நம்மகூடத்தான வருதுங்க."

ரேடியோவில் பேசுவது இங்கிலீஷ். அதிலும் ங்க போடுவார். "ரெடி ஃபார் டேக் ஆஃப்ங்க." விமான நிலையத்திலிருந்து பேசுகிறவர் முதலில் கண்டித்தார். அப்புறம் சிரித்தார். ரெண்டு வருஷம் கழித்து அந்தப்பக்கமிருந்தே "க்ளியர்டுங்க" என்று வந்தது. என் காதால் கேட்டேன்.

ஏரோப்ளேனையும் அதட்ட மாட்டார். வண்டி ஓடி வேகம் பிடித்ததும் உள்ளே உட்கார்ந்து, "எந்திரிங்க, எந்திரிங்க" என்பார். அது எழுந்துவிடும். பெரிய மனுசனை எழுப்புகிற மாதிரிதான் எழுப்புவார்.

காற்று எந்தப்பக்கம் அடிக்கிறது என்று பார்க்க ஒரு துணிக்குழாய் கம்பத்தில் கட்ட வேண்டும். வாங்கியது ஆடிக் காற்றில் கிழிந்துபோனது. மறுநாள் புதுசு தொங்கியது. ஆரஞ்சுக் கலர். நல்ல கெட்டித் துணி. மேலே நாடா வேறு இருந்தது. அடுத்த வாரம் அம்மணி தோட்டத்துக்கு வந்தார்கள். அம்மணி என்றால் அவர் சம்சாரம். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஏனுங்க, அது என்ர பாவாடைங்களா?"

"ஆமாங்க அம்மணி. காத்து நல்லாப் புடிக்குதுங்க."

"ஊரே பாக்கற ஒசரத்துல கட்டி உட்ருக்கீங்களே!"

"ஊரு பாக்காதுங்க. ஏரோப்ளேன்ல போறவங்களுக்குத்தான் தெரியுங்க."

அம்மணி ஒரு வாரம் பேசவில்லை. பாவாடை நாலு வருஷம் உழைத்தது.

ஷெட்டுக்குத் தகரக் கதவு. ஏரோப்ளேன் வெளியே போனால் இடது கதவில் ஆணியால் ஒரு கோடு கிழிப்பேன். திரும்பி வந்து நின்றால் வலது கதவில் ஒரு கோடு. முதலாளியிடம் பெரிய நோட்டு இருந்தது, இங்கிலீஷில். எனக்கு மூணாவதோடு படிப்பு நின்றது. கோடு போதும். இடது கதவில் ஒன்று அதிகமாக இருக்கிற நேரமெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. இதை அவரிடம் சொன்னதில்லை.

ரெண்டாவது சீட்டில் பால்காரர் உட்கார்ந்தார். கோயில் பூசாரி உட்கார்ந்தார். மேலே போனதும் கண்ணை மூடியவர் கீழே வந்துதான் திறந்தார். ஆனால் அம்மணி உட்காரவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பம்புக்காரர் கேட்பார்.

"நாளைக்கு வாரீங்களா அம்மணி?"

"மொதல்ல அதுக்கு ஒரு நல்ல கதவா வைங்க. என்ர பீரோக் கதவு அதவிட கனமா இருக்குது."

பதினோரு வருஷமும் இதே கேள்வி. இதே பதில். வெள்ளகோவிலில் இருக்கிற அம்மணியின் அண்ணனோ எல்லோர் முன்னாலும் சவால் விட்டிருந்தார். "என்ர தங்கச்சி அந்தத் தும்பில வந்து எறங்குனா நான் மொட்டை போட்டுக்கறனுங்க மாப்ள."

ஏரோப்ளேன் வாங்கும்போது பம்புக்காரர் அம்மணிக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். எழுபது வயசு வரைக்கும் ஓட்டுவேன், அப்புறம் தொட மாட்டேன் என்று. போன மாசி மாதம் ஒரு புதன்கிழமை எழுபது. அதற்கு முந்தின ஞாயிறுதான் கடைசி ஞாயிறு. மச்சான் காட்டில் இறங்கித் திரும்பி வருவதாகத் திட்டம். அங்கே இறங்க அனுமதி வாங்கியாயிற்று. முன்னால் ரெண்டு தரம் இறங்கின இடம்தான்.

அந்தச் சனிக்கிழமை அவர் அம்மணியைக் கேட்கவில்லை. தகரக் கதவைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

அம்மணிக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏனுங்க, இன்னிக்குக் கேக்க மாட்டீங்களா?"

பம்புக்காரர் துணியைக் கீழே போட்டார். கேட்கவில்லை. தராசைத்தான் காட்டினார். அம்மணி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார்கள்.

மறுநாளுக்கான கோட்டை இடது கதவில் முன்கூட்டியே கிழித்துவிட்டு, நான் உடனே பஸ் ஏறி வெள்ளகோவில் போனேன். காட்டில் கல் பொறுக்கினேன். காளையை வேலிக்கு அந்தப்பக்கம் விரட்டினேன். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வந்து இறங்கினார்கள். டம்ளர் வைத்திருந்தால் சிந்தியிருக்காது.

அம்மணி இறங்கினார்கள். முந்தானையைச் சரி செய்தார்கள். அண்ணன் தலையை ஒரு பார்வை பார்த்தார்கள்.

"எந்தக் கோயிலுக்குங்ணா?"

அண்ணன் தலையைத் தடவிக்கொண்டார். அம்மணி புருஷன் பக்கம் திரும்பினார்கள்.

"இத்தன வருசமா இதச் சொல்லவே இல்லீங்களே."

"எதைங்க?"

"நொய்யலாறு இத்தன வளைவு வளைஞ்சு போகுதுன்னு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

சாப்பிட்டு முடித்துக் கிளம்புகிற நேரம். தங்கச்சி முதன்முதலாக ஏரோப்ளேனில் வந்திருக்கிறாள், வெறுங்கையோடு அனுப்புவதா என்று அண்ணன் ஒரு மூட்டைத் தேங்காய் கொண்டுவந்தார். சீட்டுக்குப் பின்னால் வைத்தார். அண்ணன் பெண்டாட்டி ஒரு தார் வாழைப்பழம் கொண்டுவந்தார். அப்புறம் நெய். அப்புறம் முருங்கைக்காய்க் கட்டு. அப்புறம் புளி.

"போதுங்க மச்சான்" என்றார் பம்புக்காரர். அஞ்சு தரம் சொன்னார். எங்கள் பக்கம் போதும் என்றால் இன்னும் கொஞ்சம் வைப்பார்கள். விருந்தாளி போதும் என்பதும் வீட்டுக்காரர் வைப்பதும் வழக்கம். காப்பிக்கே மறு எடை போட்ட மனுசர் பொண்டாட்டி பிறந்த வீட்டின் சீரை எப்படி இறக்கச் சொல்வார்? அங்கே தராசும் இல்லை.

என்னிடம் வந்தார்.

"ரோலரு, நீங்க துண்டோட அந்தப் புளியமரத்துக்கு நேரா நில்லுங்க. உங்களத் தாண்டறதுக்குள்ள சக்கரம் மண்ண உடோணும். உடலீனா துண்டு வீசுங்க. நிறுத்திப்போடறேன்."

நின்றேன். வெயில் ஏறிவிட்டது. காற்று சுத்தமாக இல்லை. ஏரோப்ளேன் ஓடி வந்தது. வேகம் இருந்தது. மூக்கு மட்டும் தூக்கியது. மறுபடியும் உட்கார்ந்தது. என் முன்னால் வரும்போதும் சக்கரம் மண்ணில்தான் இருந்தது.

துண்டை வீசினேன்.

வேலிக்குப் பத்து அடி முன்னால் நின்றது. காளை எழுந்து வந்து அதை முகர்ந்து பார்த்தது.

ஓடினோம். பம்புக்காரர் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். அம்மணி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, இவரு அதை 'எந்திரி'ன்னு சொல்லிப்போட்டாருங்க. ங்க போடாம! அப்பறம் உடனே 'மன்னிச்சுக்கோங்க'ன்னாரு."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அண்ணன் முகம் வாடிவிட்டது.

"சரி மாப்ள. தங்கச்சி கார்ல வரட்டும். நானே கொண்டாந்து உடறேன். நீங்க சீரை எடுத்துட்டுப் போங்க. வெச்ச சீரை எறக்கக் கூடாதுங்க."

பம்புக்காரர் அதற்கும் சரி என்று தலையாட்டப் போனார். எனக்குத் தெரியும். மறுக்கத் தெரியாத மனுசர். கடைசிப் பயணம். பக்கத்துச் சீட்டில் தேங்காய் மூட்டை. அதுவும் நடந்திருக்கும்.

"அண்ணா," என்றார்கள் அம்மணி. "சீரு யாருக்கு?"

"உனக்குத்தான் கண்ணு."

"அப்ப நாஞ்சொல்றேன். தேங்கா பஸ்ஸுல வரட்டும். நான் இந்தச் சீட்ட உட்டு எறங்க மாட்டேன்."

அண்ணன் தானே எல்லாவற்றையும் இறக்கினார். ஒரே ஒரு தேங்காயை மட்டும் அம்மணி மடியில் வைத்துக்கொண்டார்கள். பம்புக்காரர் அதைக் கையில் வாங்கி, எடையை மனசில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

மூன்று மணி வரை மரநிழலில் உட்கார்ந்திருந்தோம். மேற்கிலிருந்து காற்று வந்தது. இந்தத் தரம் என்னைத் தாண்டுவதற்கு வெகு முன்னாலேயே சக்கரம் மண்ணை விட்டது. அண்ணன் ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். நான் துண்டை மடித்துத் தோளில் போட்டேன்.

மூட்டை, தார், நெய், முருங்கைக்காய், புளி. மூன்று பஸ் மாறினேன். கண்டக்டர், "ஒறம்பரைக்குப் போயிட்டு வாரீங்களாக்கு?" என்றார். சொந்தக்காரர் வீட்டு விருந்து என்று நினைத்துவிட்டார். ஏரோப்ளேனில் போக வேண்டிய சாமான் என்றேன். அவர் நம்பவில்லை.

காரமடை போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஷெட் சாத்தியிருந்தது. இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏரோப்ளேன் உள்ளே இருந்தது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஆணியை எடுத்தேன்.

வலது கதவில் ஏற்கெனவே ஒரு கோடு இருந்தது. குங்குமத்தால் போட்டது. கொஞ்சம் கோணல்.

ஆணியைத் திரும்பச் செருகிவிட்டேன். மறுநாள் காலையில் அந்தச் சிவப்புக்கு மேலேயே அழுத்திக் கிழித்தேன். மழைக்கு அழியக் கூடாது.

பறக்கச் சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கு ஏரோப்ளேனைக் கொடுத்துவிட்டார் பம்புக்காரர். அண்ணன் மொட்டை போட்டுக்கொண்டார். தகரக் கதவை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. அதை நான் வாரம் ஒருமுறை துடைக்கிறேன். எண்ணியும் பார்ப்பேன்.

போனது நானூற்றுப் பதினெட்டு. வந்தது நானூற்றுப் பதினெட்டு.