அறுபது படமும் ஒரு தெத்துப்பல்லும்

கம்ப்யூட்டர் மூன்றாவது முறையாகக் கையை விரித்துவிட்டது. பேஷண்டின் வாயில் அளவெடுத்துச் சுண்ணத்தில் வார்த்த பல் அச்சைச் சுற்றிச் சுற்றி எடுத்த அறுபது படங்களையும் ஒட்டிச் சேர்த்து, திரையில் திருப்பித் திருப்பிப் பார்க்கும்படி ஒரு பல்வரிசையை அது செய்து தர வேண்டும். தந்ததோ, கடித்துத் துப்பிய ரொட்டி மாதிரி ஒன்று.

போட்டோகிராபருக்கு வியர்த்தது. இருபது வருஷம் கல்யாணப் படம் எடுத்தவர். ஆளுக்கொரு செல்போன் வந்ததும் ஸ்டூடியோவை மூடிவிட்டு, கோணல் பல்லுக்குக் கம்பி போடும் டாக்டரான மனைவியின் கிளினிக்கில் ஒட்டிக்கொண்டவர். "இதையாவது உருப்படியா செய்ங்க. இல்லன்னா வெளியாள் யாரையாவது வெச்சுக்கறேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள் அவள்.

அச்சு வெள்ளைவெளேரென்று இருப்பதால்தான் கம்ப்யூட்டருக்கு அடையாளம் பிடிபடவில்லை என்றாள் ரிசப்ஷன் பெண். அச்செழுத்தாவது அடையாளமாகட்டும் என்று அடியில் செய்தித்தாளை விரித்து மறுபடி அறுபது எடுத்தார். கச்சிதமாக வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஒரு படத்தில், பல்லின் மேல் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி தெரிந்தது. எந்த மணப்பெண்ணின் முகப்பருவையும் கோணல் பல்லையும் விட்டுவைக்காத கை அவருடையது. அந்தப் படத்தில் மட்டும் அதைத் துடைத்தார். மற்ற ஐம்பத்தொன்பதில் புள்ளி அப்படியே இருந்ததால் கம்ப்யூட்டர் குழம்பிப்போய் அந்த இடத்தில் ஓட்டை போட்டது. ஓட்டையை அடைக்க எல்லாவற்றிலும் துடைத்தார். துடைக்கிற போக்கில் முன்வரிசைத் தெத்துப்பல் கண்ணை உறுத்தியது. ஒரே ஒரு படத்தில் லேசாக உள்ளே தள்ளிப் பார்த்தார். பல் இரட்டையாக முளைத்தது. வேறு வழியில்லாமல் அறுபதிலும் தள்ளினார்.

அந்தப் பல்லுக்குச் சொந்தக்காரரான பேஷண்ட் ஒரு மணி நேரமாகப் பெரிய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று ரிசப்ஷன் பெண் வந்து சொல்லிவிட்டுப் போனாள். பின்னாலேயே டாக்டர் வந்தாள். திரையில் பல்வரிசை பளிச்சென்று சுழன்றது.

"தெத்துப்பல் எங்க?"

"டச்சப் பண்ணிட்டேன்."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "கோணலா இருந்தாத்தானே நான் நேராக்க முடியும்? ரெண்டு வருஷ வேலைய அரை நாள்ல முடிச்சிட்டீங்க. நாளையிலேர்ந்து வீட்டுலயே இருங்க."

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கேமராவை மெல்லப் பையில் வைத்து மூடினார்.

வாசல் திரையை விலக்கி ரிசப்ஷன் பெண் தலையை நீட்டினாள்.

"சார அனுப்பிடாதீங்க மேடம். வெளிய இருக்கறவங்க, சார் எடுத்த அவங்க கல்யாண ஆல்பத்தப் பிரிச்சுக் காட்டி, 'என் பல்லு மறுபடி இப்படியே ஆகணும்'ங்கறாங்க. இந்த மாசம் இது அஞ்சாவது ஆல்பம்."