இருபதாவது மாணவியும் ஐந்து கேள்விகளும்

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனித குலம் செய்த மகத்தான காரியம், எங்கள் கல்லூரியில் 'ஊடகத் திறனாய்வு' என்னும் துணைப்பாடத்தைத் தொடங்கியதுதான். இதை முழு நடுநிலையோடு சொல்கிறேன். அதன் துறைத் தலைவர், பேராசிரியர், பலகை துடைப்பவர் மூவரும் நானே.

அதற்கு முன் தேர்வுப் பிரிவில் விடைத்தாள் கட்டுகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் முதல்வர் கூப்பிட்டார்.

"நீங்க தினமும் பேப்பர் படிப்பீங்கல்ல?"

"படிப்பேன் சார்."

நியமனம் முடிந்தது. ஒரே நிபந்தனை, இருபது பேர் சேர வேண்டும். சேராவிட்டால் நான் மறுபடி நூலும் கையுமாக உட்கார வேண்டும். பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் மகள் எங்கள் கல்லூரியில்தான் இறுதியாண்டு படிக்கிறாள்.

"இவ கேள்வி கேட்டே என் உயிரை எடுக்கறாடா. அதுக்கும் ஒரு படிப்பு இருந்தா தாராளமா சேத்துக்கோ" என்றாள் அக்கா.

முதல் வகுப்பில் பலகையில் ஐந்து கேள்விகளை எழுதினேன். சொல்வது யார்? யாரிடம்? எதற்காக? எதை விட்டுவிட்டார்? யாருக்கு லாபம்? பத்தொன்பது பேர் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டார்கள். அக்கா மகள் மட்டும், "மாமா, இதை எதுக்கு வேணா கேக்கலாமா?" என்றாள். கல்லூரியில் 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று திருத்தினேன். "எதற்கு வேண்டுமானாலும் கேட்கலாம்" என்று பெருந்தன்மையோடு அனுமதியும் கொடுத்தேன்.

ஏதாவது ஒரு விளம்பரத்தை ஆராய்ந்து கட்டுரை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தேர்ச்சி கிடையாது, பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். பத்தொன்பது பேர் சோப்பை ஆராய்ந்து, சோப்புக் கம்பெனிகள் சோப்பு விற்கப் பார்க்கின்றன என்ற பயங்கர உண்மையை வெளிக்கொண்டு வந்தார்கள். நான் நெகிழ்ந்துபோனேன்.

அக்கா மகள் ஆராய்ந்தது எங்கள் துணைப்பாடத்தின் விளம்பரக் கையேட்டை.

அட்டைப்படத்தில் இருப்பது கல்லூரி நூலகம் அல்ல, மரச்சாமான் கடை. நாற்காலிக் காலில் விலைச்சீட்டு தொங்குகிறது. 'படித்தவர்களில் நூறு சதவீதம் பேருக்கு வேலை' என்பது உண்மையே. பாடம் முறைப்படி தொடங்கும் முன்பே, போன வருடம் சோதனை முறையில் படித்தவர் ஒரே ஒருவர். அவருக்குக் கிடைத்த வேலை, இந்தக் கையேட்டை எழுதுவது. கடைசியாக, 'உலகப் புகழ் ஊடக நிபுணர்' படத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே கண்ணைத் தேய்க்கிறார். விரல் ஃபிரேமுக்குள் புகுந்து கண்ணைத் தொடுகிறது. ஆகவே அதில் லென்ஸ் இல்லை.

அந்த நிபுணர் நான்தான். அறிவுக்களை வருவதற்காகப் புகைப்படக்காரர் மாட்டிவிட்ட வெறும் ஃபிரேம் அது.

அவசரக் கூட்டம் கூடியது. முதல்வர், நான், கல்லூரியில் எல்லோரும் 'நூறு சதவீதம்' என்று கூப்பிடும் அந்தப் பழைய மாணவர், ஆக மூன்று பேர். முதல்வர் மேசையைத் தட்டினார்.

"இதை எழுதினது யாரு? யாருக்காக எழுதினா? எதுக்கு எழுதினா? எதை மறைக்கறா? இதுல யாருக்கு லாபம்?"

ஐந்து கேள்விகளும் வரிசை மாறாமல் வந்து விழுந்தன. ஒரு வகுப்புக்குக்கூட வராத மனிதரையே இப்படி மாற்றிவிட்ட பாடம் வேறு எது?

நூறு சதவீதம் தொண்டையைச் செருமினார். "இதையே விளம்பரம் ஆக்கிடலாம் சார். 'எங்களையே கேள்வி கேட்ட மாணவி'ன்னு அவ படத்தைப் பெருசா போடுவோம்."

"கட்டுரை?"

"கட்டுரை எதுக்கு சார்? படம் போதும்."

"மார்க் போட்டா அது ஃபைல்ல இருக்கணும். ஃபைல்ல இருந்தா யுனிவர்சிட்டி ஆய்வுக் குழு வரும்போது படிக்கும்" என்ற முதல்வர், என் பக்கம் திரும்பினார். "தேர்வுப் பிரிவுல நூல் கட்ட ஆள் பத்தலைன்னு நேத்துதான் சொன்னாங்க."

அவள் பெயருக்கு எதிரே 'கட்டுரை சமர்ப்பிக்கவில்லை' என்று நானே எழுதினேன். பேனா கொஞ்சம் தயங்கியது. மட்டமான பேனா.

புதிய கையேடு அமோக வெற்றி. அவள் அடையாள அட்டைப் படத்தை வெட்டி அதே மரச்சாமான் கடையில் நிறுத்தினார்கள். கேள்வி கேட்கும் துணிச்சலைக் கற்றுக்கொள்ள அறுபது பேர் சேர்ந்தார்கள். அறுபத்தொன்றாவது ஆள் அவளேதான், மறுபடி படிக்கிறாள். எனக்கும் நிஜ லென்ஸ் போட்ட கண்ணாடியோடு புதுப்படம் எடுத்தார்கள்.

நேற்று அக்கா வீட்டில் அக்கா மகள் புதிய கையேட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

"என் படம் எப்படி வந்திருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா வந்திருக்கு சார்" என்றாள், வீட்டுக்குள் வைத்தே. "இந்த தடவை லென்ஸ்கூட இருக்கு. நீங்கதான் கண்ணை மூடிட்டிருக்கீங்க."