முட்டை வண்டிப் பைலட்

எட்டயபுரத்தில் ஓட்டல் வேலையை விட்டுவிட்டு, கோவில்பட்டியைப் பார்த்து வெறும் வயிற்றோடு நடந்துகொண்டிருந்தேன். விமானத்தில் ஏறாமலே விமானத்தைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரே மனிதர் அப்போதுதான் என் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் முட்டை விற்பவர். ஊருக்கெல்லாம் அவர் பைலட்.

“ஏலே, முன்னால ஏறு. பிடிச்சுக்க, பள்ளம் வருது.”

கரிசல் பாதையில் வண்டி குதித்த குதியில் என் பற்கள் இடம் மாறின. பின்னால் பெரிய டிரம்மில், தூத்துக்குடி உப்பைக் கரைத்த தண்ணீரில், முட்டைகள் மேலேயும் வராமல் அடியிலும் தங்காமல் நடுவில் நின்றன. ஒன்றுகூட உடையவில்லை.

“சண்டை விமானம் சட்டுனு திரும்புனா பைலட்டுக்கு ரத்தமெல்லாம் காலுக்கு எறங்கிருதுலா, மயங்கிருதான். அவனையும் இப்படி மிதக்கவிட்டா? தண்ணி நாலாபக்கமும் ஒண்ணுபோலத் தாங்கும்.”

“நெஞ்சுக்குள்ள காத்து இருக்கே அண்ணாச்சி. அது நசுங்காதா?”

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். பசியில் கேட்டுவிட்டேன். பைலட் தலையைச் சொறிந்துகொண்டே இரண்டு ஊரைத் தாண்டினார்.

அடுத்த ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் ஒருவர் வண்டியை மறித்தார். மனைவிக்குப் பிரசவ வலி, ஆம்புலன்ஸைக் காணோம். இருவரையும் முன்னால் ஏற்றிவிட்டு நான் பின்னால் டிரம்மைக் கட்டிக்கொண்டேன். வண்டி பறந்தது. நடுவிலிருந்த சிறு ஜன்னல் வழியே பைலட்டின் குரல் வந்தது.

“ஏலே, வயித்துப் பிள்ளைக்கு நெஞ்சுல காத்தே கிடையாதுலே. அங்கனயும் தண்ணிதான். எவ்வளவு குலுக்குனாலும் ஒண்ணும் ஆகாது.”

“உள்ள கெடக்கது சொகமாத்தான் கெடக்கும்,” என்றாள் அந்தப் பெண், பல்லைக் கடித்துக்கொண்டு. “குலுங்குதது நான். மெல்லப் போங்க அண்ணாச்சி.”

சற்று நேரத்தில் பனிக்குடம் உடைந்துவிட்டது.

பைலட்டுக்கு வியர்த்துக் கொட்டியது. அவர் கணக்கில் பிள்ளை இப்போது தண்ணீர் போன டிரம்மில் ஒற்றை முட்டை. அதன்பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியைக் கெஞ்சிக் கெஞ்சி இறக்கினார். சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திப் போனார்.

“இப்பத்தான் வெரசாப் போகணும்,” என்றாள் அவள். “ரோட்டுலயா பெறச் சொல்லுதீரு?”

வாழ்நாளில் முதல்முறையாகப் பைலட் எதிர்வாதம் செய்யாமல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

ஆஸ்பத்திரிக் கதவோரம் கைகட்டி நின்றார். உள்ளே குழந்தை வீரிட்டது.

“பிள்ள நெஞ்சுக்குள்ள காத்து போயிட்டுலே,” என்றார், கண்ணைத் துடைத்தபடி. “வா, நீயும் ஒண்ணும் சாப்பிடலயே.”

மறுநாள் காலை அவர் வண்டியிலேயே முட்டை ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். எத்தனையோ முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். நான் சாப்பிட்டேனா என்று கவனித்தவர் அவர் ஒருவர்தான்.